இருபத்துமூன்றாம் நம்பர் கிணறும் அத்தானின் மேல்வரிசையும்

என் அக்காள் டோரதியின் கணவர் சகாயநாதனை மைசூர் முனிசிபாலிடியில் எல்லோரும் கிணற்று மேஸ்திரி என்பார்கள். நான் அத்தான் என்பேன். கோபம் வந்தால் எதுவும் சொல்லமாட்டேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கல்யாணத்துக்கு முன் அவர் வீட்டில் ஆறு வருஷம் இருந்தேன். அதில் பாதி நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் இருந்திருப்பேன்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்குள் குழாய்த் தண்ணீர் உண்டு. ஆனால் எல்லாத் தெருவுக்கும் எல்லா நேரமும் வராது. அதனால் மொஹல்லா என்கிற பேட்டைகளில் இருந்த பழைய கிணறுகளை முனிசிபாலிடி எடுத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் தாரால் நம்பர் எழுதிவைத்தது. மொத்தம் முப்பத்தொரு கிணறு. சகடை தேய்ந்தால் மாற்றுவது, கல் பெயர்ந்தால் சுண்ணாம்பு வைத்துப் பூசுவது, சுவரில் செடி முளைத்தால் பிடுங்குவது, தூர் வாருவது, மாதம் ஒருமுறை ஊதா மருந்து கரைத்து ஊற்றுவது எல்லாம் அத்தான் வேலை. மருந்து ஊற்றினால் தண்ணீர் ஒரு நாள் ரோஜா நிறத்தில் இருக்கும். நிறம் போனபிறகு குடிக்கலாம்.

இறங்குவதற்கு முன் ஒரு அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி விடுவார். விளக்கு அணைந்தால் உள்ளே கெட்ட காற்று, இறங்கக்கூடாது. எரிந்தால் இறங்குவார். வேலையில் அவ்வளவு ஜாக்கிரதையான மனிதர் வாயில் கொஞ்சமும் ஜாக்கிரதை இல்லாதவர். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு குணம் சொல்வார். ஏழாம் நம்பர் கோபக்காரி, பதினைந்தாம் நம்பர் கருமி. அப்படியானால் நான் எந்த நம்பர் என்று அக்காள் ஒருநாள் கேட்டாள். உனக்கு நம்பர் எழுதத் தார் பத்தாது என்றார். அன்று சாப்பாடு தாமதமாகத்தான் கிடைத்தது.

ஆபீசிலும் இதே குறும்புதான். பன்னிரண்டாம் நம்பர் கிணற்றில் ஒரு ஆமை இருந்தது. மாத ரிப்போர்ட்டில் "தண்ணீர் பத்தடி, சகடை சரி, ஆமை ஒன்று, நலம்" என்று எழுதி அனுப்பினார். ஓவர்சியர் சீனிவாசன் ஆமை என்ற வார்த்தையைப் பேனாவால் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். அடுத்த மாதம் அத்தான் "ஆமை ஒன்று, மனவருத்தத்தில் இருக்கிறது" என்று எழுதினார். சீனிவாசன் கூப்பிட்டுத் திட்டினால் இவர் ஒரு மணி நேரம் பதில் சொல்வார். கடைசியில் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, போய்யா, உன் ஆமை இருந்துவிட்டுப் போகட்டும் என்பார்.

இப்படிப்பட்டவர் மூன்று நாள் ஊரார் முன் வாயே திறக்காமல் இருந்தார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அதற்கு மறுநாள்தான் எனக்கு நிச்சயதார்த்தம்.

முதலில் பல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். முந்தைய மழைக்காலத்தில் ஒன்பதாம் நம்பர் கிணற்றில் பழைய ராட்டினத்தைக் கழற்றும்போது அதன் இரும்புக் கைப்பிடி சுழன்று வந்து அத்தானின் வாயில் அடித்தது. மேல்வரிசை முன்பற்கள் ஆறும் போயின. பல மாதம் கஞ்சியும் புலம்பலுமாக இருந்தார். அக்காள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே வந்துபோகும் பல் டாக்டரைப் பிடித்து ஒரு செட்டு செய்து வாங்கினாள். சிவப்பு ரப்பரில் ஆறு வெள்ளைப் பற்கள். அதை மாட்டிய நாள் முதல் அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. சிரிக்கவேண்டியதற்கும் சிரித்தார், துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் சிரித்தார்.

"கெணத்துல எறங்கறப்ப மட்டும் அதக் கழட்டி வச்சிட்டுப் போங்க" என்று அக்காள் தினமும் சொல்வாள்.

"மேல பத்துப் பொம்பளைங்க நின்னு பாக்கறாங்க டோரதி. பொக்கை வாயோட மேல வந்தா மேஸ்திரிக்கு என்ன மரியாதை?" என்பார் அவர்.

மரியாதை எந்த இடத்தில் போய் விழுந்தது என்பதுதான் கதை.

தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஒரு சந்து. மேலுகோட்டையிலிருந்து வந்து தலைமுறைகளாக அங்கேயே இருக்கும் வைஷ்ணவக் குடும்பங்கள் இருபது. அவர்களுடைய கிணறுதான் இருபத்துமூன்றாம் நம்பர். முனிசிபாலிடி அதை எடுத்துக்கொண்டபோது, ஒரு கிறிஸ்தவன் எங்கள் கிணற்றில் இறங்குவதா என்று சந்தே எழுந்து நின்றது. மனு போனது, பதில் வந்தது, மறுபடியும் மனு போனது. கடைசியில் லக்ஷ்மம்மா என்ற அம்மாள் ஒரு வழி சொன்னார். மேஸ்திரி இறங்கட்டும், வேலை முடித்து மேலே வந்ததும் கோயில் தீர்த்தம் ஒரு செம்பு கிணற்றில் ஊற்றிவிடலாம், தோஷம் போய்விடும். லக்ஷ்மம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கிணற்றுக்கு எதிர்வீடு. அவர் சொன்னால் சந்தில் மறுபேச்சு கிடையாது.

அன்றிலிருந்து மூன்று வருஷமாக அப்படியே நடந்தது. அத்தான் மேலே வந்து ஊதா மருந்தை ஊற்றுவார், லக்ஷ்மம்மா தன் செம்பை ஊற்றுவார். ஒருவர் மருந்தை மற்றவர் நம்பாத இரண்டு வைத்தியர்கள். அத்தான் இதைச் சிரித்துக்கொண்டே வீட்டில் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் குடிக்கும் தண்ணீருக்காக உயிரைக் கயிற்றில் கட்டி இறங்குகிற மனிதர் தோஷமாம், அதைக் கழுவ ஒரு செம்பாம். நான் பள்ளிக்கூடத்து டீச்சர். சந்துப் பெண்கள் என் வகுப்பில் படித்தார்கள். அந்தக் கோபத்தை அவர்கள்மேல் காட்டாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

லக்ஷ்மம்மாவுக்கும் அத்தான்மேல் ஒரு குறை இருந்தது. இருபத்துமூன்றாம் நம்பரில் சேறு ஏறிவிட்டது, கோடையில் தண்ணீர் வாடை அடிக்கிறது, தூர் வாரவேண்டும் என்று இரண்டு வருஷமாக நாலு மனு கொடுத்திருந்தார். கிணற்றை இறைக்க ஆயில் இஞ்சின் வேண்டும். முனிசிபாலிடியில் இருந்ததோ ஒன்று. அது எப்போதும் வேறு எங்கேயோ இருக்கும். அதனால் அத்தான் அவரைப் பார்க்கும்போதெல்லாம், "அடுத்த வாரம்மா" என்பார். அந்த அடுத்த வாரம் நூறு வாரமாக வந்துகொண்டிருந்தது.

மே மாதம், ஒரு வியாழக்கிழமை. இருபத்துமூன்றாம் நம்பரின் உட்சுவரில் கல்லிடுக்கில் ஒரு அரசங்கன்று முளைத்து ஆளுயரம் வளர்ந்திருந்தது. விட்டால் வேர் சுவரைப் பிளந்துவிடும். பிரகாசம் என்ற ஆள் மேலே கயிற்றைப் பிடிக்க, அத்தான் இறங்கிக் கன்றை வெட்டினார். கிளையும் இலையும் தண்ணீரில் விழுந்து மிதந்தன. பிறகு உளியால் வேரைத் தோண்டினார். பழைய சுண்ணாம்பு பொடியாக உதிர்ந்து மூக்கில் ஏறியது. ஒரு தும்மல் வந்தது. கிணற்றுக்குள் தும்மினால் பீரங்கி வெடித்தமாதிரி கேட்கும். சுவரிலிருந்து ஒரு கட்டி சுண்ணாம்பு பெயர்ந்து தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தது. கூடவே அத்தானின் வாய் லேசாயிற்று.

நாக்கால் தடவிப் பார்த்தார். மேல்வரிசை இல்லை.

அந்த நிமிஷத்தில் அவருக்கு என்னென்ன தோன்றியது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். முதலில் தோன்றியது நான். ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகாலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். எங்களுக்கு அப்பா இல்லை. மூத்த மருமகன் சபையில் எழுந்து நின்று, பெண் கொடுக்கச் சம்மதம் என்று சொல்லி, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிக்கவேண்டும். மாப்பிள்ளையின் அத்தை ஒரு மாதிரி. பெண் பார்க்க வந்தபோதே, உங்கள் வீட்டில் எல்லோருக்கும் உடம்பு சுகம்தானா என்று இரண்டு தடவை கேட்டவர். நாற்பது வயது ஆள் பொக்கை வாயோடு எழுந்து நின்றால் என்ன நினைப்பார்?

இரண்டாவதாகத் தோன்றியது சந்து. கால் கிணற்றில் பட்டதற்கே செம்பு ஊற்றுகிறவர்கள், வாயிலிருந்த பல்லே உள்ளே விழுந்தது என்று தெரிந்தால்? எச்சில் பல். அதற்குக் காவேரியையே கொண்டுவந்து ஊற்றினாலும் போதாது. இருபது குடும்பமும் கிணற்றை விட்டுவிட்டு, தெருக்கோடியில் ஒரு மணி நேரம் ஒழுகும் ஒற்றைக் குழாயில் போய் நிற்கவேண்டும். அவருக்கும் வேலை போகலாம்.

மூன்றாவதாகத் தோன்றியது, இப்போதே யாராவது வாளியை விட்டு மொண்டு குடித்துவிட்டால் என்ன செய்வது என்பது. அவரை எவ்வளவு திட்டினாலும் இதை நான் மறக்கமாட்டேன். கயிற்றை ஆட்டி மேலே வந்ததும் துண்டால் வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அவர் செய்த முதல் காரியம் ஊதா மருந்தை மூன்று பங்கு கரைத்துக் கிணற்றில் கொட்டியதுதான். தண்ணீர் கத்தரிப்பூ நிறம் ஆயிற்று. மூன்று நாள் குடிக்கக்கூடாது என்று கன்னடத்தில் சாக்கட்டியால் கைப்பிடிச் சுவரில் பெரிதாக எழுதினார். பிரகாசம் என்ன ஏது என்று கேட்டான். பதில் இல்லை. பிரகாசத்துக்கு ஒரு விஷயம் தெரிந்தால் மத்தியானத்துக்குள் மார்க்கெட் முழுக்கத் தெரிந்துவிடும். அவனைக் கையைக் காட்டி அனுப்பிவிட்டு, பாதாளக் கரண்டி எடுத்துவர முனிசிபாலிடி கிடங்குக்கு ஓடினார்.

லக்ஷ்மம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாராம். அன்றைக்குச் செம்பை ஊற்ற மறந்துவிட்டாரா, வேண்டாம் என்று விட்டாரா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

மத்தியானம் முழுவதும் அத்தான் பாதாளக் கரண்டியைப் போட்டுத் துழாவினார். கொக்கியில் இரண்டு வாளி, ஒரு இரும்புக் கரண்டி, சாவி இல்லாத பூட்டு, ஒரு பித்தளைத் தம்ளர் எல்லாம் வந்தன. பல் வரவில்லை. கிணற்றில் பாதாளக் கரண்டி இறங்கினால் சந்துப் பெண்கள் சும்மா இருப்பார்களா? சுற்றி நின்றுகொண்டு, இது எங்களுடையது, அது எங்களுடையது என்று ஆரம்பித்துவிட்டார்கள். அந்தத் தம்ளரால் பத்து வருஷமாகப் பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு ஓரகத்திகள் அன்று மறுபடி பேசினார்கள். பேசியதெல்லாம் சண்டைதான்.

மேஸ்திரி ஏன் பேசவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். குளவி கொட்டியிருக்கும் என்றாள் ஒருத்தி. ஏதோ விரதம் என்றாள் இன்னொருத்தி. வீட்டில் சண்டை என்று மூன்றாமவள் சொல்ல, எல்லோரும் அதையே ஒப்புக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து துண்டை அவிழ்த்தார். அக்காள் பார்த்தாள். சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியாமல் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று கத்தினேன். ஒத்திகை பார்க்கலாம் என்று அவரும் பணிவாக எழுந்து நின்று பேசிப் பார்த்தார். மாப்பிள்ளையின் பெயர் ஏசுதாஸ். அந்தப் பெயரை மேல்பல் இல்லாமல் சொன்னால் வெறும் காற்றுதான் வருகிறது. அக்காள் மறுபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய் அழுதேன்.

வெள்ளிக்கிழமை அத்தான் ஓவர்சியரிடம் போனார். இருபத்துமூன்றாம் நம்பரை உடனே இறைத்துத் தூர் வாரவேண்டும், ஆயில் இஞ்சின் வேண்டும் என்று எழுதி நீட்டிவிட்டு, துண்டோடு பேசாமல் நின்றார். சீனிவாசன் ஐந்து நிமிஷம் காத்திருந்தார். வழக்கமான ஒரு மணி நேரப் பேச்சு வரவில்லை. இன்னும் ஏதாவது உண்டா என்று கேட்டார். தலை இல்லை என்று ஆடியது. அந்தச் சந்தோஷத்திலேயே அவர் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். ஆமையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

சந்தில் அன்று முணுமுணுப்பு. ஒரே குழாயில் இருபது வீட்டுக் குடங்கள். மேஸ்திரிமேல் மனு எழுதலாம் என்று யாரோ சொன்னபோது, லக்ஷ்மம்மாதான் அடக்கினாராம். அவன் வேலை அவனுக்குத் தெரியும், மூன்று நாள் பொறுத்தால் ஒன்றும் செத்துப்போகமாட்டோம் என்றாராம். இதைக் கேட்டு அத்தான் நெகிழ்ந்துபோனார். அந்த அம்மாவுக்குப் போய்த் துரோகம் பண்ணுகிறோமே என்று வீட்டில் சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். நானும் போய்ப் பார்த்தேன். ஆயில் இஞ்சின் காலையிலிருந்து ஓடி, ரோஜா நிறத் தண்ணீரைச் சந்துச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தது. சாக்கடையில் என்றா சொன்னேன்? இல்லை. லக்ஷ்மம்மா முந்தின நாளே தன் வீட்டுக் கொல்லைக்கு ஒரு வாய்க்கால் வெட்டிவைத்திருந்தார். பாதித் தண்ணீர் அவருடைய தென்னைமரங்களுக்குப் போயிற்று. எப்படி இவ்வளவு முன்யோசனையோ என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

அடி தெரிந்ததும் விளக்கு இறங்கியது, பிறகு அத்தான் இறங்கினார். கையில் அக்காளின் மாவுச் சல்லடை. பிரகாசம் கயிற்றில் கூடையை விட்டான். ஒவ்வொரு கூடைச் சேற்றையும் அத்தான் சல்லடையில் போட்டு அலசிவிட்டுத்தான் மேலே அனுப்பினார். இருபது வருஷமாகக் கிணறு பார்க்கிறேன், சேற்றைச் சலிக்கிற மேஸ்திரியை இப்போதுதான் பார்க்கிறேன் என்று பிரகாசம் என்னிடம் சொன்னான். நான் வானத்தைப் பார்த்தேன்.

லக்ஷ்மம்மா ஒரு மணையைப் போட்டுக் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார். வேலைக்கு ஓவர்சியர் அவர்தான். கீழே எட்டிப் பார்த்து, "அந்த மூலையில இன்னும் சேறு இருக்கு மேஸ்திரி, தேடிப் பாரு" என்றார். அத்தான் அந்த மூலையைத் தோண்டினார். அதோ அந்தக் கல்லுக்குப் பின்னால் என்றார். அங்கேயும் தோண்டினார். தேடு என்ற வார்த்தை எனக்கு லேசாக உறுத்தியது. ஆனால் வெயில், பசி, மறுநாளைப் பற்றிய கவலை. விட்டுவிட்டேன்.

அறுபது கூடைச் சேறு வந்தது. பல் வரவில்லை. அத்தனை கஷ்டத்திலும் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். அடியில் மூன்று ஊற்றுக்கண்கள் சேற்றில் அடைபட்டிருந்தன. பல் அங்கே இருக்க வழியில்லை என்று தெரிந்தும், மூன்றையும் கம்பி விட்டுக் குத்தி, கையால் வழித்துச் சுத்தமாக்கினார். தண்ணீர் குமிழி விட்டு மேலே வந்தது. அவர் மேலே வரும்போது முழங்கால் அளவு ஊறிவிட்டது. கண்ணாடியாக இருந்தது, அடியில் கல் தெரிந்தது. லக்ஷ்மம்மா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் துண்டைக் கட்டிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு, சல்லடையோடு வீட்டுக்கு நடந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அன்றைக்குத்தான் போயிற்று. பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து காத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் பத்தரை மணி பஸ்ஸில் வருவார்கள். மேஸ்திரிக்குத் தொண்டைக்கட்டு என்று சொல்லி அக்காளே சம்மதம் சொல்லிவிடுவது என்று முடிவாகியிருந்தது. அந்த அத்தை அதை எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. சீக்கிரம் வந்துவிட்டார்களே என்று ஓடினேன். இறங்கியது லக்ஷ்மம்மா.

அவர் எங்கள் தெருப்பக்கம் வந்து யாரும் பார்த்ததில்லை. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை, கொய்யாமரத்தடியிலேயே நின்றார். கையில் ஒரு தாம்பாளம். தேங்காய், மல்லிகைப்பூ, மஞ்சள், மூடி போட்ட ஒரு சிறிய பித்தளைச் சம்புடம். எனக்கு நிச்சயதார்த்தம் என்று பள்ளிக்கூடத்துப் பெண்கள் சொன்னார்களாம். பூவை என்னிடம் கொடுத்தார். சம்புடத்தை மட்டும், உன் அத்தான் கையிலே கொடு என்றார்.

நான் வாத்திச்சி. கொடுப்பதற்குமுன் திறந்து பார்த்துவிட்டேன். ஊதா மருந்து கலந்த கிணற்றுத் தண்ணீரில் அத்தானின் மேல்வரிசை உட்கார்ந்திருந்தது.

அத்தானைக் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார். எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டி நின்று அதை மாட்டிக்கொண்டார். மூன்று நாள் கழித்து அவர் ஒழுங்காகப் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"அம்மா, இது உங்களுக்கு எப்பக் கெடச்சுது?"

"வியாழக்கிழமையே. நீ கரண்டி எடுக்க ஓடினியே, அப்போ. அரச இலை கெணத்துல அழுகப்படாதுன்னு வாளியை விட்டுக் கோலி எடுத்தேன். கிளையில மாட்டிண்டு இதுவும் வந்துது."

நடந்தது அவ்வளவுதான். தொபுக்கென்று விழுந்தது சுண்ணாம்புக் கட்டி. பல் விழுந்தது மிதந்துகொண்டிருந்த கிளைமேல். கிணற்றுக்காரர் இல்லையா, கிணற்றில் விழுந்ததென்றால் அடியில்தான் இருக்கும் என்று அத்தான் அடியையே தேடினார். மேலே மிதந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப நேத்து என்னை அந்த மூலை இந்த மூலைன்னு தோண்ட விட்டது?"

"ரெண்டு வருஷமா நாலு மனு கொடுத்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம்னே. பல் கெடச்சுடுத்துன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நீ தூர் வாரியிருப்பியா?"

முப்பத்தொரு கிணற்றுக்கும் குணம் சொல்கிற மனிதர் சம்புடத்தின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். எனக்கு உள்ளே கொதித்தது. மூன்று நாள் நான் அழுத அழுகை இவருடைய தென்னைமரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சத்தானா? கேட்டேவிட்டேன். சந்தில் யாருக்காவது இது தெரியுமா, செம்பு தீர்த்தம் எத்தனை ஊற்றப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

லக்ஷ்மம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்கும் தெரியாது கொழந்தே. தெரிஞ்சா கெணத்தையும் விட்டுடுவா, இவனையும் விடமாட்டா. கெணறு முழுக்க மருந்தைக் கொட்டி ஒருத்தரையும் குடிக்க விடாமப் பண்ணினானே, அதைப் பாத்தேன். பல்லையே இந்தக் கையால எடுத்து அலம்பி வச்சாச்சு. இனிமே செம்பு எதுக்கு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருஷத்துக் கோபம் அது, போகிறபோது சும்மா போகவில்லை. லக்ஷ்மம்மா அதைப் பார்க்காததுபோல் காலிச் சம்புடத்தை வாங்கிக்கொண்டு, ஜட்காக்காரனைக் கூப்பிட்டு ஏறிக்கொண்டார்.

பத்தரைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அத்தான் எழுந்து நின்றார். ஏசுதாஸ் என்ற பெயரை மணி அடித்தமாதிரி சொன்னார். சம்மதம் சொன்னார், சங்கீதம் வாசித்தார், வாசித்த பிறகும் உட்காராமல் மூன்று நாள் பாக்கிப் பேச்சையும் பேசினார். ஒரே ஒரு குறை. மூன்று நாள் ஊதா மருந்தில் ஊறியதில் ஆறு பற்களும் பழுப்பேறியிருந்தன. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அக்காளின் காதில் கேட்டார்.

"ஏனுங்க, உங்க வூட்டுக்காரரு வெத்தலை ரொம்பப் போடுவாருங்களா?"

ஆமாம், சொன்னால் கேட்கமாட்டார் என்று அக்காள் பெருமூச்சு விட்டாள். அத்தைக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அதனால் அத்தானை அவருக்கு உடனே பிடித்துப்போயிற்று. இன்றுவரை என் புகுந்த வீட்டில் சகாயநாதன் என்றால் வெற்றிலைப் பிரியர்தான். பல்லை அக்காள் பிறகு எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். கொஞ்சம் போயிற்று, மீதி போகவில்லை. வேறு செட்டு செய்துகொள்ளலாம் என்றதற்கு அத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசிவரை அந்தப் பழுப்புப் பல்லோடுதான் சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து இருபத்துமூன்றாம் நம்பரில் மறுபடி ஒரு கல் பெயர்ந்தது. அத்தான் போனார். வழக்கம்போல் சந்து கூடியது. விளக்கு இறங்கி ஏறியது. லக்ஷ்மம்மா வாசலைத் தாண்டி வந்தார். கையில் செம்பு இல்லை, அந்தப் பித்தளைச் சம்புடம் இருந்தது. கிட்டே வந்து, அத்தானுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"மொதல்ல கழட்டி இதுல போடு. அப்புறம் எறங்கு."

அக்காள் தினமும் சொல்லிக் கேட்காதவர், மறுபேச்சில்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக் கழற்றிப் போட்டார். அவர் உள்ளே இருந்த நேரமெல்லாம் லக்ஷ்மம்மா மூடிய சம்புடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் நின்றார். மேலே வந்ததும் கொடுத்தார். அதன்பிறகு அந்தச் சந்தில் அதுவே வழக்கமாயிற்று. செம்புத் தீர்த்தம் ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. அதைவிடப் பெரிதாக ஏதோ சம்புடத்தில் இருக்கிறது, கோயிலிலிருந்து வந்திருக்கும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். லக்ஷ்மம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அத்தான் கிணற்றுக்குள் இருக்கும்போது வந்து, அந்தச் சம்புடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு.